எட்டாவது வரி

– அந்த நாற்காலியில உக்காராதீங்க மேடம், அதுக்கு ஒரு கால் ஆடுது. இதுல உக்காருங்க. இது நான் உக்கார்றது, நம்பி உக்காரலாம்.

– பரவாயில்லைங்கய்யா. மொத்தமே மூணு நாற்காலிதான் இருக்கு. பழுது பாக்குற நாள்ல எட்டு பேர் வர்றதா எழுதுறீங்களே, எங்க உக்காருவாங்க?

– அதாவது, ஒண்ணா வரமாட்டாங்க. வருவாங்க, போவாங்க. மாசக் கடைசி சனிக்கிழமைன்னா இந்த ரூம் சந்தைக்கடை மாதிரி இருக்கும். இன்னைக்குன்னு பாத்து ஒருத்தரையும் காணோம், உங்க நேரம்.

– மணி மூணே முக்கால் ஆச்சே.

– நாலு மணிக்கு மேல பாருங்க. ஆமா, பஸ்லயா வந்தீங்க? ரெண்டு வருஷம் முன்னாடி திறப்பு விழாவுக்கு வந்தவர் உங்க கம்பெனி கார்ல வந்தாரு. ரிப்பன் வெட்டினாரு, போட்டோ எடுத்தாரு, கத்தரிக்கோலையும் எடுத்துட்டுப் போயிட்டாரு. அது என் கத்தரிக்கோல் மேடம்.

– தெரியும். முதல் அறிக்கையிலயே எழுதியிருந்தீங்க. "கத்தரிக்கோல் ஒன்று, திரும்பி வரவில்லை."

– அதையெல்லாமா படிச்சீங்க?

– ஒரு வரி விடாம. கம்பெனி உதவி வாங்குற மத்தவங்க அறிக்கையெல்லாம் உங்களுதை மாதிரி இருக்காதுய்யா. மரம் நட்டோம்னு எழுதுவாங்க, போட்டோல குழி மட்டும் இருக்கும். நாடகம் போட்டோம், கைதட்டல் விண்ணைப் பிளந்ததுன்னு எழுதுவாங்க, எத்தனை பேர் வந்தாங்கன்னு கேட்டா பதிலே வராது. நீங்க ஒருத்தர்தான் "சரி செய்ய முடியவில்லை"ன்னு எழுதினீங்க. அந்த மூணு வார்த்தையை வேற எந்த அறிக்கையிலயும் நான் பாத்ததில்லை.

– முடியலைன்னா முடியலைன்னுதானே எழுதணும். முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவன் மேடம். ஓடாத லிஃப்டை ஓடுதுன்னு எழுதினா ஆள் செத்துப் போவான். அது சரி, மூணு மாசமா உங்க ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பினா திரும்பி வந்துடுதே, என்ன கோளாறு? நல்லவேளை, உங்க போனுக்கே அனுப்பச் சொன்னீங்க.

– அது... அங்க ஏதோ மாத்திட்டாங்க. போன்ல ஒழுங்கா வந்துச்சு.

– சரி மேடம், சுத்தி வளைக்காம கேட்டுடுறேன். இன்னைக்கு நீங்க எழுதுறதை வெச்சுத்தானே இந்த ரூம் எனக்கு இருக்குமா போகுமான்னு முடிவாகும்?

– வழக்கமா அப்படித்தான்.

– அப்போ ஒழுங்காப் பாருங்க. இது டூல் பெட்டி, உங்க கம்பெனி குடுத்தது, ஒரு ஸ்பேனர்கூடக் குறையலை. வாசல்ல உங்க போர்டு, காலையிலதான் துடைச்சேன். இது பதிவேடு. கொண்டு வந்தவர், பொருள், என்ன பழுது, சரியாச்சா இல்லையா. நாளுக்கு எட்டு வரி. எட்டு பேருக்குக் குறைஞ்சா உதவி நின்னுடும்னு விதி நாலுல போட்டிருக்கீங்க. நான் எட்டுக்குக் குறையவே விடலை.

– எட்டுக்கு மேலயும் போகலை.

– அதாவது, லிஃப்ட்லயும் எட்டு பேர்தான் மேடம். ஒம்பதாவது ஆள் ஏறினா கத்தும்.

– லிஃப்ட்காரரே, வந்துட்டேன்! இவங்கதானா கம்பெனி அம்மா? வணக்கம்மா. நான் இக்கட்டடத்தின் நான்காம் மாடியில் வசிக்கிறேன். மாதந்தோறும் இங்கு வந்து பயன் பெறுகிறேன். இதனால் குப்பை குறைகிறது. அக்கம்பக்கத்தாரிடையே... அக்கம்பக்கத்தாரிடையே...

– நட்பு வளர்கிறதாம்மா?

– ஆங், அதேதான், நட்பு. உங்களுக்கும் சொல்லிக் குடுத்திருக்காரா?

– அறிக்கையில படிச்சிருக்கேன். உக்காருங்க. என்ன கொண்டு வந்திருக்கீங்க?

– இஸ்திரிப் பெட்டி. சூடாக மாட்டேங்குது. அப்படித்தானே லிஃப்ட்காரரே?

– அப்படித்தான், அப்படித்தான். நீங்க வெச்சிட்டுப் போங்கம்மா, நான் அப்புறமா...

– குடுங்க, இங்கயே சொருகிப் பாத்துடலாம். ஒரு நிமிஷம்... நல்லா சுடுதேம்மா.

– சுடாம என்ன செய்யும்? காலையிலதான் எங்க வீட்டுக்காரர் சட்டையைத் தேய்ச்சேன். பாத்தீங்களா லிஃப்ட்காரரே, எனக்குப் பொய் சொல்ல வராதுன்னு அன்னைக்கே சொன்னேன். ஏழு வீட்ல கேட்டேன், ஏழு பேரும் முடியாதுன்னுட்டாங்க, நீங்களாவது வாங்கன்னு கெஞ்சினாரும்மா. பாவமா இருந்துச்சு, வந்தேன். எனக்கென்ன வந்துச்சு?

– பெட்டியை எடுத்துட்டுப் போங்கம்மா. கையைச் சுட்டுக்காதீங்க.

– போறேன், அடுப்புல பால் வேற இருக்கு. அம்மா, நல்ல மனுஷன்மா இவரு. லிஃப்ட் நின்னா இப்பவும் இவர்தான் ஓடி வர்றாரு. ஆனா நடுவுல மாட்டிக்கிட்டவங்களை வெளியில விட்டதும், யாரும் நின்னு ரெண்டு வார்த்தை பேசுறதில்லை, நானும்தான். பாத்து எழுதுங்க.

– போயிட்டாங்க.

– போயிட்டாங்க மேடம். இனிமே என்னத்தைச் சொல்றது. மானம் போச்சு.

– எனக்கு முன்னாடியே தெரியும்யா.

– என்ன தெரியும்?

– அந்த டேபிள் ஃபேன். போன வருஷம் மழைக்காலத்துல மூணாவது மாடி நர்ஸ் கொண்டு வந்ததா இருக்கு. ரெண்டு மாசம் கழிச்சு தையல்காரர். அப்புறம் யாரோ ஒருத்தரோட மாமனார். மூணு போட்டோலயும் கம்பி வலையில, இடதுபக்கம், ஒரே இடத்துல நசுங்கியிருக்கு.

– அது எங்க வீட்டு ஃபேன்.

– தெரியும். டோஸ்டர், கடிகாரம், ஹேர் டிரையர், எல்லாம் உங்க வீட்டுதுதானே?

– நானே கழட்டுவேன், நானே மாட்டுவேன். ஹேர் டிரையரைப் போன வாரம் கழட்டும்போது அதுவே அலுத்துப் போச்சு போல, ஒரு ஸ்க்ரூ தானா விழுந்துச்சு. முதல் ஆறு மாசம் நிஜமாவே வந்தாங்க மேடம், சத்தியமா. வரிசையில நின்னாங்க. அப்புறம் என்னடான்னா, ஒண்ணு கெட்டுப் போனா போன்ல தட்டினா மறுநாள் புதுசு வாசலுக்கு வந்துடுது. பழசைக் குப்பையில போட்டுட்டு என்னைப் பாத்து சிரிச்சுக்கிட்டே போறாங்க. அதுல ஒரு கோபமும் இல்லை. என்னை மறந்துட்டாங்க, அவ்வளவுதான்.

– அப்பவே எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?

– சொன்னா ரூமை எடுத்துக்குவீங்க. எடுத்துட்டா நான் எங்க போறது? மேல வீட்ல உக்காந்தா செவுரைத்தான் பாக்கணும். மகன் ஞாயித்துக்கிழமை கூப்பிடுவான், நல்லா இருக்கீங்களாப்பா, நல்லா இருக்கேன்பா, வெச்சிடுவான். இங்க வந்தா கதவைத் திறந்து வைக்கலாம். திறந்த கதவுன்னா யாராவது வருவாங்கன்னு ஒரு நினைப்பு இருக்குமில்ல? தினமும் ஒம்பது மணிக்குத் திறந்துடுவேன் மேடம். விதியில மாசத்துக்கு ஒரு நாள்தான் போட்டிருக்கு.

– இன்னும் ஒண்ணு கேக்கணும். நான் நேர்ல வந்ததே இதைக் கேக்கத்தான்.

– கேளுங்க. இனிமே மறைக்க என்ன இருக்கு.

– எட்டாவது வரி. எல்லா மாசமும் எட்டாவது வரி ஒண்ணுதான். "ஆறாவது மாடி அம்மா. ரேடியோ. சத்தம் வரவில்லை. சரி செய்ய முடியவில்லை." அடுத்த மாசமும் அதே அம்மா, அதே ரேடியோ. ஒன்றரை வருஷமா சரியாகாத ரேடியோவைத் தூக்கிட்டு மாசாமாசம் யாரு வர்றாங்க? அந்த அம்மாவைப் பாக்கணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு.

– பாக்க முடியாது மேடம்.

– ஏன், வீட்ல இல்லையா?

– ஆறாவது மாடி என் வீடு. அது என் வீட்டுக்காரி. போய் மூணு வருஷம் ஆகப்போகுது. அவ போனப்புறம்தான் இந்த ரூமையே கேட்டு உங்களுக்கு எழுதிப் போட்டேன்.

– மன்னிச்சுக்குங்கய்யா.

– நீங்க என்ன பண்ணீங்க? மத்த ஏழு வரியும் எழுதும்போது கை கூசும். பொய்தானே. எட்டாவது வரி எழுதும்போது மட்டும் கூசாது. அவ இங்க வந்து, இந்த நாற்காலியில உக்காந்து, இன்னும் முடியலையான்னு கேக்குற மாதிரி இருக்கும். அவ எப்பவும் அப்படித்தான் கேப்பா. ஊர்ல இருக்கற லிஃப்டையெல்லாம் ஓட்டுறீங்க, என் ரேடியோவைப் பாக்க நேரமில்லையேம்பா.

– முப்பத்தோரு வருஷம் மெக்கானிக்கா இருந்தவருக்கு ஒரு ரேடியோ அவ்வளவு கஷ்டமா?

– பத்து நிமிஷ வேலை மேடம். உள்ள ஒரு ஒயர் விட்டுப் போயிருக்கு, அவ்வளவுதான். சரி பண்ணிட்டா அடுத்த மாசம் அவ எதுக்கு வருவா?

– ம்.

– நீங்க ஏன் மேடம் கண்ணைத் துடைக்கிறீங்க? தப்பு பண்ணினவன் நான்.

– ஒண்ணுமில்லை. ஒரு நிமிஷம்... உங்க அறிக்கையை நான் எங்க வெச்சுப் படிப்பேன் தெரியுமா? வீட்ல, சாப்பாட்டு மேசையில. சத்தமாப் படிப்பேன். எனக்கும் வீட்ல ஆள் கிடையாது. நர்ஸ், தையல்காரர், மாமனார், ஆறாவது மாடி அம்மான்னு எட்டு பேரோட கதை படிச்சா, எட்டு பேர் வந்துட்டுப் போன மாதிரி இருக்கும். ஃபேன் விஷயம் தெரிஞ்சப்புறமும் நிறுத்தலை. இந்த மனுஷன் இந்த மாசம் யாரைக் கொண்டு வரப்போறாருன்னு காத்துக்கிட்டு இருப்பேன்.

– நான் அதை ஆபீஸ்ல பிரிண்ட் எடுத்து மூலையில போட்டுடுவாங்கன்னு நெனச்சேன்.

– மத்தவங்க அப்படித்தான்.

– சரி, இப்போ என்ன எழுதப் போறீங்க? வந்ததுலேர்ந்து ஒரு படிவத்தையும் வெளிய எடுக்கலையே. போன தடவை வந்தவர் கையில பலகை மாதிரி ஒண்ணு வெச்சு தட்டிக்கிட்டே இருந்தாரு.

– ஐயா, இந்த வருஷக் கடைசி வரைக்கும் ரூமுக்கு ஒண்ணும் ஆகாது. அதுவரைக்கும் கம்பெனிலேர்ந்து இங்க யாரும் வரமாட்டாங்க, அது எனக்கு நல்லாத் தெரியும். அதுக்கப்புறம் ரூம் வேணும்னா, நிஜமான ஆளுங்க வேணும்.

– எட்டு நிஜமான ஆளுக்கு நான் எங்க போவேன்? இப்போ ஒரு ஆள்கூட இல்லையே.

– முதல்ல ஒரு ஆளைப் பாப்போம். இந்தப் பையை எடுங்க. உள்ள ஒரு மேசை விளக்கு இருக்கு. எரிய மாட்டேங்குது.

– எரிய மாட்டேங்குதா? இஸ்திரிப் பெட்டி மாதிரி இல்லையே?

– நீங்களே சொருகிப் பாருங்க.

– இருங்க... ஆமா. எரியலை. மேடம், இது நிஜமாவே கெட்டுப் போயிருக்கு.

– ஏங்க, இதுக்குப் போய் இவ்வளவு சந்தோஷமா?

– இல்லை மேடம், இன்னொருத்தர் வீட்டுப் பொருள் என் கையில வந்து ஒன்றரை வருஷமாச்சு. சுவிட்சுதான் போயிருக்கு. பழைய சுவிட்ச் ஒண்ணு டிராயர்ல கிடக்கு, கால்மணி நேரத்துல எரிய வெச்சுத் தர்றேன்.

– அவசரமில்லை. முதல்ல பதிவேட்டுல எழுதுங்க. முதல் வரியில, கொண்டு வந்தவர்ங்கற இடத்துல என் பேரைப் போடுங்க.

– அது மட்டும் முடியாது மேடம்.

– ஏன்?

– விதி ஒம்பது. கம்பெனி ஊழியர்களோ அவங்க குடும்பமோ பயனாளியா இருக்கக்கூடாது. நீங்களே கம்பெனி. விளக்குக்கு அடியில உங்க கம்பெனி ஸ்டிக்கர் வேற ஒட்டியிருக்கு, நம்பரோட. இத்தனை நாள் பொய்யா எழுதிட்டேன். நிஜமா வந்த முதல் பொருளையாவது விதிப்படி எழுதணுமில்ல?

– விதிப்படியே எழுதுங்கய்யா. நான் இப்போ அந்தக் கம்பெனி ஆள் இல்லை. எரியாத இந்த விளக்கையும் என்னையும் மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரே நாள்லதான் வெளிய அனுப்பினாங்க.