சேனை வைத்த விரல்

உங்கள் ஸ்டேஷனில் கை கழுவும் இடத்தில் சோப்பு இல்லை, இன்ஸ்பெக்டர் சார். முதலில் அதற்கு ஒரு வழி பண்ணுங்கள். மற்றதை நானே சொல்லிவிடுகிறேன், குரலை உயர்த்த வேண்டாம்.

கணபதி ஏரியாவில் இருக்கும் அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் நான் தொற்றுத் தடுப்பு நர்ஸ். யார் கை கழுவவில்லை என்று பார்ப்பதுதான் வேலை. டாக்டர்களே என்னைக் கண்டால் குழாயைத் தேடுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, மறைப்பானேன்.

போன மாதம் பச்சைக் குழந்தைகள் சாகத் தொடங்கின. எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி. ரித்திகா என்ற பெண்ணின் குழந்தை என் கையிலேயே நீலம் பாரித்துப் போனது. அன்று அழுதேன். யாரோ ஒருவர் கையில் அந்தக் கிருமி குடியிருந்தது.

யார் என்று எனக்குத் தெரியும். ஆயா பழனாத்தாள். கைராசிக்காரி என்று பேர். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்க எல்லாரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். சர்க்கரைத் தண்ணீரில் விரலை நனைத்துப் பிஞ்சு நாக்கில் தொட்டு வைப்பாள். வேண்டாம் என்று வாய் வலிக்கச் சொன்னேன்.

"ஏனுங்க சிஸ்டர், ஆசையாக் கேக்கறாங்க, எப்படிங்க மாட்டேங்கறது? கையக் கழுவிப்போட்டுத்தானுங்க வெக்கறேன்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எல்லோர் கையிலும் நானே பஞ்சால் ஒற்றி லேபுக்கு அனுப்பினேன். முடிவு வரவில்லை. அதற்குள் பொற்கொடி என்ற பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. மறுநாள் சேனைக்குப் பழனாத்தாளையே சொல்லி வைத்திருந்தார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறுதோறும் மத்தியானம் ஆபரேஷன் தியேட்டரில் கிருமியைக் கொல்ல ஃபார்மலின் புகை போட்டுக் கதவை டேப்பால் ஒட்டுவோம். உள்ளே ஒரு உயிரும் மிஞ்சாது. அதற்குத்தான் அது. தரை துடைக்கும் மாப்பு உள்ளேயே இருக்கிறது, எடுத்து வாருங்கள் என்று பழனாத்தாளை அனுப்பினேன். நம்பிப் போனாள். புகை தாக்கியதும் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு எரியுதுங்க. உட்டுப்போடுங்க சிஸ்டர், இனி ஒரு கொழந்தையும் தொடமாட்டனுங்க."

வயிற்றில் உதைத்தேன். கதவிடுக்கில் கையை வைத்தாள். அதே விரல். இழுத்துச் சாத்தினேன், எலும்பு நொறுங்கியது கேட்டது. திறந்து, கையை உள்ளே தள்ளி, மறுபடி சாத்தி ஒட்டினேன். முதலில் கையால் அடித்தாள், பிறகு தலையால். கதவுக் கண்ணாடி சிவந்தது. சத்தம் அடங்கிய பின் முறைப்படி கை கழுவினேன்.

பொற்கொடியின் குழந்தைக்கு யாரும் சேனை வைக்கவில்லை. நான் மட்டும்தான் தினமும் தூக்கிப் பார்த்தேன். நேற்று அதுவும் செத்துவிட்டது என்கிறீர்கள்.

பழனாத்தாள் கை சுத்தம், கிருமி என் மோதிரத்துக்கு அடியில் இருந்தது என்றும் சொல்கிறீர்கள். மற்றவர்களைக் கழற்றச் சொல்வேன்தான். இது போதகர் ஜெபித்துக் கொடுத்த கல்யாண மோதிரம், சார், கழற்றியதே இல்லை. என் கையில் பஞ்சு வைக்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அன்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினாளே, அப்போதுதான் அவளிடமிருந்து கிருமி என் மேல் ஒட்டியிருக்க வேண்டும்.