உப்புநீர்க் கூண்டையும் திறந்து காட்டிய அம்மையாருக்கு

இதய ஆய்வகத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து இன்று பணி நிறைவு பெறும் டாக்டரம்மா அவர்களுக்கு, உடன் உழைத்தோர் ஒன்றுகூடி உவந்தளிக்கும் மடல்

இம்மடலிலுள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று, ஆய்வகத்தின் ஆழ்குளிர்ப் பெட்டிமேல் கைவைத்து, அதுவும் கையுறை அணிந்த கையை வைத்து, நாங்கள் அனைவரும் உறுதி கூறுகிறோம். கூட்டிச் சொன்னது ஒன்றுமில்லை. குறைத்துச் சொன்னது உண்டு. முழுவதையும் சொன்னால் அவையோர் நம்பமாட்டார்கள்.

புண்பட்ட இதயங்களின் புகலிடமே! சோதனைக்குழாய் சூழ் சுடரே! ஐயத்தையே அணிகலனாய் அணிந்த அறிவரசியே! இன்முகச் செல்வியே என்றும் எழுதியிருந்தோம். தாங்கள் ஆதாரம் கேட்பீர்கள் என்பதால் அடித்துவிட்டோம்.

மாரடைப்பில் மாண்டுபோன இதயத் தசை மறுபடி முளைப்பதில்லை. அவ்விடத்தில் தழும்பு படிகிறது, தழும்பு துடிப்பதில்லை. உயிரணுவுக்குள் உத்தரவுகளைச் சுமந்தோடும் தூதர்களான ஆர்.என்.ஏ மூலக்கூறுகளில் குட்டி வகை ஒன்று உண்டு. பிற தூதர்களை வழிமறித்து வாயடைப்பதே அதன் வேலை. ‘தழும்பு போடு’ என்று ஓடும் தூதனை அதைக் கொண்டு மடக்கினால், தழும்பு தணிந்து தசை தழைக்காதா? இந்த ஒற்றைக் கேள்வியோடு தாங்கள் இவ்வறைக்குள் நுழைந்தபோது தங்கள் கூந்தல் கறுத்திருந்தது. கூந்தல் மாறிவிட்டது. கேள்வி மாறவில்லை.

வெறும் விரல் பட்டாலே ஆர்.என்.ஏ சிதைந்துவிடும், எச்சில் தெறித்தாலும் அதே கதிதான். ஆகவே திறந்த குழாயின் முன்னே பேசத் தடை விதித்தீர்கள். எங்களைத் திட்ட நேர்ந்தபோதும் முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தே திட்டினீர்கள். அந்தச் சுவரில் மட்டும் இன்றுவரை சுண்ணாம்பு நிற்பதில்லை. திருமணத்தன்று மணமகனின் கையைக் கையுறையோடுதான் பற்றினீர்கள். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவரை விசாரித்தோம். “பழகிப்போச்சுங்க” என்பதே அவர் வாக்குமூலம்.

தாங்கள் வடித்த குட்டி ஆர்.என்.ஏவின் ஆற்றலுக்குச் சான்று வேண்டுமா? ஒருநாள் அதில் ஒரு சொட்டு, பல ஆண்டுகளாய் நின்றுபோயிருந்த சுவர்க் கடிகாரத்தில் தெறித்தது. கடிகாரம் ஓடத் தொடங்கியது. நாங்கள் குதித்துக் கொண்டாடுகையில் தாங்கள் கேட்டது ஒன்றே: “பக்கத்து அறையிலயும் ஒண்ணு நின்னு கெடக்கே, அது மேல உப்புத்தண்ணி ஊத்திப் பார்த்தீங்களா?” ஊற்றினோம். அதுவும் ஓடியது. “அப்புறம் எதுக்குக் குதிச்சீங்க?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டீர்கள்.

இனி, எலிகளின் வரலாறு. இதயம் பழுதாக்கப்பட்ட எலிகளில் பாதிக்குக் குட்டி ஆர்.என்.ஏவும், மீதிக்கு ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உப்புநீரும் செலுத்தினோம். ஆர்.என்.ஏ பெற்ற எலிகள் சக்கரத்தில் ஓடிய ஓட்டத்தில் திருகாணிகள் கழன்றன; ஓர் எலி சக்கரத்தோடு தாழ்வாரத்தைக் கடந்து, மின்தூக்கி வரும்வரை பொறுமையாய்க் காத்து நின்றது. தாங்கள் அதைப் பாராட்டவில்லை. மற்றக் கூண்டைத் திறந்தீர்கள். உப்புநீர் எலிகளும் அதே ஓட்டம்!

உடனே முடிச்சுக்காரரை அழைத்தீர்கள். எலியின் இதயத் தமனியை நூலால் கட்டி மாரடைப்பை உண்டாக்கும் அறுவை மருத்துவரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். ஆறடி உயரம், எறும்பை மிதித்துவிட்டாலும் அன்றைக்குச் சோறு இறங்காது.

“தம்பி, முடிச்ச இறுக்கித்தான போட்டீங்க?”

“போட்டேன் மேடம்… ஓரளவுக்கு.”

“ஓரளவுக்குன்னா?”

“அதோட மூஞ்சியப் பார்த்தா கை வரல மேடம்.”

“மயக்க மருந்து குடுத்த எலிக்கு ஏதுப்பா மூஞ்சி?”

“தூங்குற மூஞ்சி மேடம். அதான் தாங்கல.”

ஆக, எந்த இதயமும் பழுதாகவே இல்லை. பழுதாகாத இதயத்தை யாரும் குணப்படுத்தவும் இல்லை. மறுநாளோ, இந்த ஆய்வகம் தங்களுக்குப் பின்னும் இயங்க வேண்டுமா, இழுத்து மூட வேண்டுமா என்று முடிவு செய்ய மேலிடத்துக் குழு வருகிறது. எங்கள் அனைவரின் வேலையும் அந்தக் குழுவின் வாயில்.

எலிகளின் இதயத்தைப் படமெடுக்கும் பெண்மணி தங்கள் காதருகே வந்தார். “மேடம், உப்புத்தண்ணி கூண்ட மட்டும் ஸ்டோர் ரூமுக்குத் தள்ளிடலாம். யாரு கேக்கப் போறா?”

“நான் கேப்பேனே.”

“நம்ம நெலமையக் கொஞ்சம் யோசிங்க மேடம். வீட்டுக் கடன் இருக்கு, புள்ளைங்க படிக்குது.”

“யோசிச்சேன்மா. மூடிவெச்ச கூண்டு ஒண்ணு இருந்தாலும் இது ஆய்வகம் இல்ல, வித்தைக்காரன் கூடாரம். அங்க ரெண்டு நாள் வேலை பாப்ப, மூணாவது நாள் தொரத்திடுவாங்க.”

அன்று அவர் தங்கள்மேல் கோபித்து, தேநீர் வேளையில் தனியே அமர்ந்தார். அவர்மேல் எங்களுக்கு வருத்தமில்லை. அவர் கேட்டதையே கேட்க நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்றிருந்தோம்.

குழு வந்தது. இரண்டு கூண்டுகளையும் அருகருகே வைத்து, தளர்ந்த முடிச்சு வரை தாங்களே எடுத்துரைத்தீர்கள். குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்ப இத்தன நாளா என்னதாம்மா கண்டுபிடிச்சீங்க?”

“எங்க டாக்டருக்கு இளகின மனசுன்னு கண்டுபிடிச்சோம் சார். அதக் காட்டிக் குடுத்ததே இந்த உப்புத்தண்ணிதான்.”

தலைவர் சிரிக்கவில்லை, சிரிப்பு வெளியேற வழியின்றி அவர் காதுகள் மட்டும் சற்று நேரம் ஆடின. பிறகு தீர்ப்புச் சொன்னார்: முடிச்சை இறுக்கிப் போட்டு மறுசோதனை செய்ய வேண்டும்; வேறுபாடு தெரிந்தால் ஆய்வகம் தொடரும், தெரியாவிட்டால் தாங்கள் ஓய்வு பெறும் நாளோடு கதவு சாத்தப்படும். முடிச்சுக்காரர் இம்முறை எலியின் முகத்தில் துணி போர்த்தி, இறுக்கிக் கட்டினார். கண்ணீர் விழுந்தாலும் ஆர்.என்.ஏ சிதையுமாதலால், அழுவதற்கு அவர் தாழ்வாரத்துக்குப் போய்வந்தார்.

அஞ்சாமையின் அணியே! எங்கள் வேலையைக் காக்க ஒரு கூண்டை மறைக்கும்படி நாங்கள் கெஞ்சியும் மறுத்தவரே! அதற்காகத் தங்கள்மேல் கொண்ட கோபம் எங்களில் சிலருக்கு இன்னும் ஆறவில்லை. அதே சிலர்தாம் இம்மடலில் முதலில் கையெழுத்திட்டவர்கள். இனியேனும் வெறுங்கையோடு பேரப்பிள்ளைகளைத் தூக்கி, அவர்கள் எச்சில் மேலெல்லாம் படக் கொஞ்சி, இறுக்கமான முடிச்சேதும் இல்லாத இதயத்தோடு நெடுநாள் நலமாய் வாழ்க!

மறுசோதனையின் முடிவு எதுவாயினும் அதைச் சேர்த்த பிறகே இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட வேண்டும் என்பது தங்கள் கட்டளை. அது இன்று காலை வந்தது, கீழே சேர்த்துள்ளோம்.

தங்கள் அன்புக்கும் திட்டுக்கும் உரிய,
ஆய்வகப் பணியாளர்கள்

முடிவு: குட்டி ஆர்.என்.ஏ பெற்ற எலிகளுக்கும் உப்புநீர் பெற்ற எலிகளுக்கும் தழும்பின் அளவில் வேறுபாடு இல்லை.