ஏழு கோல் விட்டவன் பெயர்

1934 ஆகஸ்ட் 12, ஞாயிறு, காலை எட்டேகால் மணி, தூறல். யட்டியாந்தோட்டை பஸ்ஸில் எனக்கு முன்னால் தேயிலைத் தோட்டத்தார் இருவர், ஒருவர் மடியில் அவருடைய கைக்குழந்தை. கோயிலில் பெயர் வைக்கப் போகிறார்கள்.

“ஒரே மேட்ச்சுல ஏழு கோல் விட்டவன் பேரையா மச்சான் எம் மருமகனுக்கு வைக்கச் சொல்றீங்க? பதினெட்டு கோல் போட்ட செல்லையா பேரு இருக்கே!”

“செல்லையா சம்பளம் கூடன்னு அடுத்த தோட்டத்துக்கு ஆடப் போயிட்டான். முத்தன் கை ஒடிஞ்சும் கடைசி வரைக்கும் கோல்ல நின்னான். நாமளே மூணாவது கோலோட மேட்ச்ச விட்டுட்டு லயத்து வீட்டுக்கு வந்துட்டோம்.”

“நீங்க வந்தீங்க. நான் நாலாவதுக்கு அப்புறந்தான் வந்தேன்.”

“சரிங்க. தாய்மாமன் நீங்கதான் காதுல சொல்லணும்.”

நான் இறங்கவேண்டிய இடம் வந்தது. இறங்கவில்லை. இரண்டு மைல் தாண்டியபின், கோயில்வரை பொறுக்காமல், மாமன் குனிந்து “முத்தன்” என்று மூன்று முறை சொன்னார்.

எனக்குக் கூடுதல் கட்டணம் ஆறு சதம்.