என் தூண் நகரவில்லை

கான்கிரீட் போடுவதற்கு மேகமூட்டமான நாள்தான் நல்லது. வெயிலில் போட்டால் மேல்தோல் சீக்கிரம் காய்ந்து வெடித்துவிடும். இதுகூடத் தெரியாதவர்கள்தான் என் தூணைப் பற்றி ஒரு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

எங்கள் நிலையத்தில் தொலைநோக்கி வழியாகச் செயற்கைக்கோளின் மேல் லேசர் அடிப்போம். ஒளி போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்வோம். மில்லிமீட்டர் சுத்தமாகச் சொல்ல வேண்டும். கருவிக்குள்ளேயே கொஞ்சம் தாமதம் ஆகும். அதைக் கழிப்பதற்காக, வானத்தில் அடிப்பதற்கு முன்னும் பின்னும், புல்வெளிக் கோடியில் நிற்கும் தூணின் மேலுள்ள கண்ணாடியில் அடித்துப் பார்ப்போம். அந்தத் தூணின் தூரம் முன்பே அளந்து வைத்தது. தூண் பொய் சொன்னால் நிலையமே பொய் சொல்லும்.

அதை ஊன்றியவன் நான். என் அப்பா கருங்கல் குவாரியில் பாறை பிளந்தவர். பால் பல் விழுந்து முளைக்கும் வயதில் என் கையில் கடப்பாரையைக் கொடுத்துவிட்டார். தூணுக்குக் குழி தோண்டும்போது கடப்பாரை கணீர் என்றது. பாறைதான். கலவை லாரியும் காத்துக்கொண்டிருந்தது. ஊற்றினோம்.

போன வசந்தத்தில், எல்லா நிலையங்களின் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள், எங்கள் அளவு எட்டு மில்லிமீட்டர் பிசகுகிறது என்றார்கள். தரம் பார்ப்பதற்கென்று ஹெல்சிங்கியிலிருந்து ஹெல்கா வந்தாள். கடிகாரம், கம்பி, காற்றழுத்தமானி, எல்லாவற்றையும் சோதித்தாள். ஒருநாள் காபி நேரத்தில், ஏலக்காய் ரொட்டியை மென்றபடியே பேச்சை எடுத்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு. தூணுதான் மிச்சம். குளிர்ல மண்ணு உறைஞ்சு தூக்கியிருக்கும். கோவிச்சுக்காதீங்க வில்யோ, நெசமாவே பாறை வரைக்கும் போனீங்களா?"

"உங்கப்பா பொறக்கறதுக்கு முன்னாடியே அந்தப் பாறை அங்க இருக்கு," என்றேன்.

"பாறை இருக்கும். உங்க தூணு அதுமேல நிக்குதான்னுதான் கேக்கறேன். மண்ணுக்குள்ள கிடக்கற உருண்டைக் கல்லும் கணீர்னுதான் கேக்கும்."

நிலையத் தலைவர் ரெய்னோ, "விடும்மா. தூணு தானா உக்காந்துக்கும். இவன்தான் உக்கார மாட்டான்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதோடு விடவில்லை. சனிக்கிழமை சவுனாவின் நீராவியில் பலகை மேல் ஏறினால், "எட்டு மில்லி தள்ளி உக்காரு வில்யோ" என்பார்கள். அம்மணமாக உட்கார்ந்திருப்பவனிடம் அப்படிச் சொல்லக் கூடாது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தூணுக்குப் போகிறவர் லேசரின் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். சாவி இல்லாமல் லேசர் எரியாது. புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் இதைச் சொல்லிக்கொடுப்பேன். ஹெல்காவுக்கும் நான்தான் சொன்னேன். பனியில் ஒரு தடவை சாவி தொலைந்து கிடைத்தபோது, நானே இன்னொன்று வெட்டி வைத்துக்கொண்டேன். அதை யாருக்கும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

நீங்கள் கேட்கிற அந்த நாள் மதியம் ஹெல்கா தூணின் தூரத்தைத் திரும்ப அளக்கப் போனாள். தூண் மேலிருந்த கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் அளவைக் கருவியை வைத்து, அதில் கண்ணைப் பதித்தாள். உள்ளே நான் மட்டும். வாக்கிடாக்கியில் கூப்பிட்டாள்.

"வில்யோ, தொலைநோக்கிய என் பக்கம் திருப்புங்க. நடுப்புள்ளி தெரியணும்."

"திருப்பிட்டேன்."

"ஆங், இப்ப நல்லாத் தெரியுது. அசையாம வைங்க."

தூணை நோக்கி அடிக்கும்போது ஒளியை மட்டுப்படுத்தும் கண்ணாடி ஒன்றை லேசரின் முன்னால் போடுவோம். அதை எடுத்துவிட்டேன். என் சாவியைப் போட்டுத் திருப்பினேன். அவள் கருவி தூரத்திலிருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும். வருகிற ஒளியையும் திரட்டித்தான் கண்ணுக்குள் அனுப்பும். அது எனக்குத் தெரியும்.

லேசர் அடித்தால் சத்தமே வராது. கொஞ்சம் கழித்து அவள் குரல் வந்தது.

"வில்யோ, பச்சையா ஏதோ மின்னிச்சு. சாவி என் பையிலதான் இருக்கு... இந்தக் கண்ணுல ஒண்ணும் தெரியல."

"வெயில் பட்டிருக்கும்," என்றேன். "இன்னொரு கண்ணால பாருங்க."

பார்த்தாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். தூண் விஷயத்தில் மட்டும்தான் கேட்கவில்லை. சாவியை இரண்டாம் தடவை திருப்பினேன்.

இரண்டு கண்ணிலும் பார்வை திரும்பாது என்று மருத்துவர் சொன்னதாகச் சொன்னீர்கள். செய்தது நான்தான். கை தவறியோ கோபம் தலைக்கேறியோ செய்யவில்லை. தப்பான அளவு ஒன்று ஊரெல்லாம் பரவாமல் யாராவது தடுக்க வேண்டியிருந்தது.

நேற்று உங்கள் ஆட்கள் தூணை அளந்தார்களாம். எட்டு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறதாம். இருக்கலாம். விழும்போது அவள் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் விழுந்தாள். அப்போது நகர்ந்ததுதான் அது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.