பிராம்பிள் நின்ற இடம்

ஊனா: கிட்ட வராத மலாக்கி, கடிப்பான்.

மலாக்கி: என்னையா? ஆறு வருஷம் இந்தக் குதிரை முதுகுல உக்காந்து ரேஸ்ல வேலி தாண்டினவன் நான்...

ஊனா: அதனாலதான் கடிப்பான். தினம் தீனி வைக்கிற என்னையே விடமாட்டேங்கிறான்.

மலாக்கி: எங்க அனுப்பறாங்க?

ஊனா: முதலாளியோட தங்கச்சி பண்ணைக்கு. மத்தியானம் வண்டி வருது. பன்னெண்டு வயசுல ஓய்வு... பிராம்பிள் குடுத்து வச்சவன்.

மலாக்கி: லிமெரிக்ல முதல் ரேஸ் ஞாபகம் இருக்கா?

ஊனா: ரெண்டாவது வேலியிலயே ரெண்டு பேரும் குப்புற விழுந்தீங்களே, அதா? எது குதிரை, எது நீன்னு தெரியாம வாளித் தண்ணியோட நின்னேன்.

மலாக்கி: சிரி, சிரி. அப்புறம் பதினாலு ஜெயிச்சோம்ல?

ஊனா: பதினஞ்சு. ஃபேரிஹவுஸ் பெரிய ரேஸ்ல ஜெயிச்ச வாரம் பாதிரியார் பூசையில உன் பேரைச் சொன்னாரு.

மலாக்கி: அவரும் பந்தயம் கட்டியிருந்தாரு, அதான்.

ஊனா: பதினாறாவதும் உன் கையிலதான் இருந்துச்சு. பின்னாடி ஒருத்தனும் இல்ல. ஒரே ஒரு வேலி பாக்கி...

மலாக்கி: விடு ஊனா.

ஊனா: ஏன் நிறுத்தின?

மலாக்கி: விசாரணையில சொன்னேனே. பயந்துட்டேன்.

ஊனா: நீயா? தோள் எலும்பு உடைஞ்சும் ஓட்டி முடிச்சவன்...

மலாக்கி: வயசாச்சு. ஆறு மாசம் தடை போட்டாங்க. முதலாளியும் வேற ஆளைப் பாத்துக்கிட்டாரு. இப்ப பால் லாரி ஓட்டறேன். அது வேலி தாண்டச் சொல்றதில்ல.

ஊனா: மலாக்கி... அன்னிக்குக் காலையில தொட்டுப் பாத்தப்போ இவன் முன்னங்கால் சுட்டுச்சு.

மலாக்கி: ம்.

ஊனா: நரம்பு லேசா வீங்கியிருந்துச்சு. ஊரே திரண்டு வந்திருந்துச்சு... ஒரு ரேஸ் தாங்கிடுவான்னு நினைச்சேன். கட்டு போட்டுக் கூட்டிட்டு வந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லல. நீ நிறுத்தினப்புறமும் குதிரை டாக்டர் வர்றதுக்குள்ள ஐஸ் தண்ணி ஊத்தி மறைச்சுட்டேன். அடுத்த மாசம் பயிற்சியிலதான் கால் போச்சுன்னு எல்லாரையும் நம்ப வச்சேன்...

மலாக்கி: தெரியும்.

ஊனா: தெரியுமா?

மலாக்கி: ரேஸுக்கு என்னை இவன் மேல ஏத்திவிடறப்போ நீ என் மூஞ்சியப் பாக்கல, அவன் காலையே பாத்துட்டிருந்த. கடைசி வேலிக்கு முன்னாடி அந்தக் கால் தடுமாறுச்சு. தாண்டியிருந்தா முறிஞ்சிருக்கும்.

ஊனா: அடப்பாவி, அதைச் சொல்லியிருந்தா உனக்குத் தடையே வந்திருக்காதே! ஏன் பயம்னு சொன்ன?

மலாக்கி: கால்னு சொன்னா, காலையில அதைத் தொட்டுப் பாத்தது யாருன்னு கேட்டிருப்பாங்க ஊனா.