கனடாச் சேர்வர்

வாகீசன்: ...இன்னும் முடியேல்லையோ?

கஜீபன்: பன்னிரண்டு வீதம் இறங்கியிட்டுது, அண்ணை.

வாகீசன்: நான் தேத்தண்ணி குடிக்கப் போகேக்கையும் பன்னிரண்டுதான்!

ஆரணி: அப்ப பதினொண்டரையா இருந்திருக்கும், அண்ணை.

வாகீசன்: நீ சும்மா இரு! ஏழு மணிக்கு ரொறன்ரோவிலை மாப்பிள்ளை பகுதி முழுக்க உன்னைக் கமெராவிலை பார்க்க வந்து இருக்கப்போகினம். வீட்டு இன்ரநெற் இழுக்குது எண்டுதானே, நீங்கள் ரெண்டு பேரும் நடத்துற கொம்பியூட்டர் வகுப்புக்கு வந்தனாங்கள். இஞ்சை வந்தால்...

கஜீபன்: இந்த அப்டேற் இறங்கினாத்தான் கமெரா வேலை செய்யும். மற்றக் கொம்பியூட்டருகளுக்குக் கமெராவே இல்லை.

வாகீசன்: கெதியாக்க வழி இல்லையோ, தம்பி? அப்பாவும் அம்மாவும் ஓட்டோவிலை வந்துகொண்டிருக்கினம்.

கஜீபன்: இருக்கு. ஒரே சாமானைப் பல நாட்டுச் சேர்வரிலை பிரதி எடுத்து வைச்சிருக்கினம். இந்தக் கறுப்புத் திரையிலை ஒரு கொமாண்ட் அடிச்சால், அது ஒவ்வொண்டையும் கூப்பிட்டுப் பார்க்கும். ஆர் முதல் மறுமொழி சொல்லினமோ, அவையிட்டை எடுக்கலாம்.

ஆரணி: கூப்பிட்டாத்தானே மறுமொழி வரும், கஜீபன்.

கஜீபன்: ...கூப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறன்.

ஆரணி: ஓமோம்... சேர்வரை.

வாகீசன்: உங்கடை பகிடியைப் பேந்து வைச்சுக்கொள்ளுங்கோ! எது கெதி?

கஜீபன்: சிங்கப்பூர் பரவாயில்லை. கொழும்பு... பொறுங்கோ, இன்னொருக்கால் பார்க்கிறன்.

வாகீசன்: எத்தினை தரம் பார்ப்பீர்! இப்ப எங்கையிருந்து இறங்குது?

கஜீபன்: கனடாவிலையிருந்து. அதுதான் ஆகச் சுணக்கம்.

வாகீசன்: விசர்க் கதை! கனடா எப்பிடிச் சுணங்கும்? எங்கடை சனம் முழுக்க அங்கைதானே இருக்கு!

கஜீபன்: சேர்வர் சனத்தைப் பார்க்காது, அண்ணை. தூரத்தைத்தான் பார்க்கும்.

வாகீசன்: சித்தப்பா அனுப்பின ஜக்கெற் இண்டைக்கும் கிழியேல்லை. கனடாச் சாமானெண்டால் சாமான்தான். அதாலைதான் நேற்று நானே கனடாவைச் சொன்னனான்.

கஜீபன்: நீங்களோ! ஆர் உதை மாத்தினதெண்டு காலமையிலையிருந்து யோசிக்கிறன்...

வாகீசன்: இடம் பார்க்க வந்தனான். இவள்தான் திரையைக் காட்டி, "எந்த நாடு போடுறது, அண்ணை?" எண்டு கேட்டவள்.

ஆரணி: கொழும்பும் அதிலை இருந்தது. அண்ணை திரும்பியும் பார்க்கேல்லை.

வாகீசன்: கொழும்பிலை எங்களுக்கு ஆர் இருக்கினம்? சரி, விடும் தம்பி. என்ரை போனிலையே எடுப்பம். முகம் சின்னனாத் தெரிஞ்சாலும் பரவாயில்லை. அவை இண்டைக்கு ஓமெண்டால் தையிலை கலியாணம்.

ஆரணி: நான் ஓமெண்டு சொல்லத் தேவையில்லையோ?

வாகீசன்: நீ ஏன் மாட்டனெண்டு சொல்லப் போறாய்? காரணம் ஏதும் இருக்கோ?

ஆரணி: ...கஜீபன், காரணம் ஏதும் இருக்கோ?

கஜீபன்: அது வந்து... அண்ணை, போனை ஒருக்கால் வையுங்கோ.

வாகீசன்: ஏன்?

கஜீபன்: கொழும்புதான் ஆகக் கெதி. முதல்தரம் கூப்பிடேக்கையே தெரிஞ்சிட்டுது. மாத்தியிருந்தால் எப்பவோ முடிஞ்சிருக்கும்.

வாகீசன்: பேந்து ஏன் சும்மா தட்டிக்கொண்டிருந்தனீர்?

கஜீபன்: முடியக்கூடாதெண்டுதான். ஆரணி ரொறன்ரோவுக்குப் போனால்... எனக்கு ஏலாது, அண்ணை. அவவை நான் கட்ட விரும்புறன். இவ்வளவு நாளும் வாய் வரேல்லை.

ஆரணி: அப்பாடா! உலகத்திலையே ஆகச் சுணக்கமான சேர்வர் இதுதான்.

வாகீசன்: சிரிக்கிறியோ? உவன் எனக்கு முன்னாலையே இருந்து என்னை ஏய்ச்சிருக்கிறான்! நல்லகாலம், நீயாவது எனக்கு ஒண்டும் ஒளிக்கேல்லை.

ஆரணி: அண்ணை... கொம்பியூட்டர் படிப்பிக்கிற நான், எந்த நாடு போடுறதெண்டு உங்களிட்டை ஏன் கேட்டனான்? சேர்வரோ மாப்பிள்ளையோ, நீங்கள் கனடாவைத்தான் சொல்லுவியளெண்டு எனக்குத் தெரியும். விடிஞ்சாலும் இறங்கி முடியாதெண்டும் தெரியும்.