அப்ப வரட்டே

இல்லைப் பிள்ளை, கடை பூட்டேல்லை. கதவில தொங்கிற உந்த மட்டையில என்ன எழுதிக் கிடக்கு, வாசியும் பாப்பம். பத்து நிமிசத்தில வாறன் எண்டுதானே? அது அரை மணித்தியாலமும் ஆகும், ஒரு மணித்தியாலமும் ஆகும். ஆனா கடைக்காரர் வருவார். மூலையில ஒரு கோப்பிக் கடை இருக்கு, அதுக்குள்ள நிண்டு ஆரோடையும் அலட்டிக்கொண்டிருப்பார். நீர் இந்த வாங்கில இரும். என்ர பையளைத் தள்ளி வைக்கிறன். இரும், இடம் காணும்.

ஓம், தமிழ்தான். நீர் போனில கதைச்சது காதில விழுந்துதான் நானும் கதை குடுத்தனான். எந்தப் பக்கம்? திருச்சியோ. பேர்? ராஜஸ்ரீ. வடிவான பேர். என்ன, சப்பாத்துத் தைக்கவோ? ஓ, தோள் பாக்கின்ர வார் அறுந்து போச்சோ. கொண்டாரும் பாப்பம். உது அந்தாளுக்கு ஒரு வேலையே இல்லை. நிண்ட நிலையில தைச்சுத் தந்திடுவார். போர்த்துக்கல்க்காரர், நல்ல கைவேலை.

நானோ? நான் இஞ்சத்தை ஆள் இல்லைப் பிள்ளை. ஸ்காபரோ, வோபர்ன் பக்கம், எங்கட சனம் நிறைய இருக்கிற இடம். இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேல ஆகுது, உந்த ஸ்படைனா றோட்டில ஒரு நாள் கால் வைச்சதில்லை எண்டாப் பாருமன். டவுண்ரவுண் எண்டா எங்களுக்கு இமிகிறேசன் ஒவ்வீசும் பாஸ்போட் ஒவ்வீசும்தான். கறிவேப்பிலையில இருந்து கூறைச்சீலை வரைக்கும் வீட்டுக்குப் பக்கத்தில கிடக்கேக்குள்ள இஞ்சை என்னத்துக்கு வாறது? இப்ப என்னடா எண்டா இந்த ஒழுங்கையளில எந்தக் கடை எப்ப திறக்கும், எந்த மனுசிக்கு இண்டைக்குக் கால் உளைவு எண்டது வரைக்கும் எனக்குத் தெரியும்.

என்ர மனுசனை உங்கால ஆசுப்பத்திரியில வைச்சிருக்கினம். ஸ்படைனாவைத் தாண்டி அங்கால போனா பெரிய றோட்டு ஒண்டு வருமெல்லே, அதிலதான். நடந்து போற தூரம். நெஞ்சு வருத்தம். வால்வு மாத்தவெண்டு கொண்டந்தவை, பேந்து ஒண்டு மாறி ஒண்டாப் போச்சு. இப்ப எப்பிடியோ? இப்ப நோவு ஒண்டும் இல்லை. அது போதும்.

அவர்தான் என்னை இஞ்சாலை கலைச்சு விட்டவர். அவர் ஆள் ஆரெண்டா, பாண் வான் ஓடினவர், உங்கட பிரெட் ஏத்திற வண்டி. ஸ்காபரோவில ஒரு பேக்கரி. விடியப்புறம் வெளிக்கிட்டு வந்து உந்தக் கடையள் எல்லாத்துக்கும் பாண் இறக்கினது அவர்தான். ஆனாப் பிள்ளை, எல்லாம் பின் கதவால. குப்பைத் தொட்டி நிக்கிற பக்கத்தால போய், பெட்டியை வைச்சு, கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்கு ஓடவேணும். எத்தினை வருசம் ஓடினவர்! இந்த ஊர்க் கடையளின்ர பின்பக்கம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. முன்பக்கம் எப்பிடி எண்டு தெரியாது. ஒரு கடைக்குள்ள முன் கதவால போய் ஒரு சாமான் வாங்கினதில்லை.

ஒப்பரேசன் முடிஞ்ச கையோட நல்லாக் கதைச்சவர். நான் கட்டிலடியில கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தனான். மனுசனுக்கு எரிச்சல் வந்திட்டுது. இஞ்சரும், உதில குந்திக்கொண்டு என்ர மூஞ்சையைப் பாராமல் போய் அந்தக் கடையளை முன்பக்கத்தால பாத்திட்டு வந்து சொல்லும் எண்டார். அப்பிடித்தான் நான் வெளிக்கிட்டனான். இல்லாட்டி எனக்கு உந்தக் கடையளில என்ன அலுவல்?

முதல் போனது சீஸ் கடை. உள்ளுக்கை போனா, ஐயோ அந்த மணம், ஊறின சாக்கு மாதிரி. கடைக்காரப் பெடியன் கத்தி நுனியில ஒரு துண்டை வைச்சு நீட்டுறான், வாங்கிச் சாப்பிடட்டாம். சாப்பிட்டன், பரவாயில்லை. பேந்து மீன் கடை. செவுளைத் தூக்கிப் பாத்தன், நல்ல சிவப்பு. நான் பாத்த பார்வையைக் கண்டிட்டு அந்த மனுசன் உள்ள போய் இன்னும் திறமான மீன் ஒண்டு கொண்டந்து காட்டினது. பேந்து உங்கால சிலி நாட்டு மனுசி ஒருத்தி கடை வைச்சிருக்கிறா. எம்பனாடா எண்டு ஒரு சாமான் விக்கிறா. வாங்கிக் கடிச்சா, எங்கட பற்றீஸ் பிள்ளை, உள்ளுக்குக் கறி வைச்சு மடிச்சுச் சுடுற பலகாரம்! ஓரத்தை மடிக்கிற விதமும் அதேதான். போய் இவருக்குச் சொன்னா அவர் நம்பேல்லை. அவளின்ர பின் கதவில எத்தினை வருசமாப் பாண் வைச்சனான், பற்றீஸ் சுடுறாள் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே எண்டு மனுசனுக்குப் பெரிய கவலை.

இவ்வளவு பையும் என்னெண்டு சேந்தது எண்டுதானே பாக்கிறீர்? அது ஒரு பகிடி. நாங்கள் ஒரு இடத்தில இருந்து வெளிக்கிடேக்குள்ள என்ன சொல்லுவம்? அப்ப வரட்டே எண்டுவம். இல்லாட்டிப் போட்டு வாறன் எண்டுவம். உங்கட பக்கமும் போயிட்டு வரேன் எண்டுதானே சொல்லுவியள்? போறன் எண்டு மட்டும் ஆரும் சொல்லுவினமே? வாய் வராது. நான் தொப்பிக் கடைக்குள்ள போட்டு, சும்மா எல்லாத்தையும் பாத்திட்டு, ஒண்டும் வாங்காமல் வெளிக்கிடவும் வெக்கமாக் கிடந்துது. எனக்கு இங்கிலீசும் அளவாத்தான். ஓகே, ஐ கம்? எண்டு கேட்டன். அந்தாள் என்னை மேலையும் கீழையும் பாத்திட்டு, நீ வந்துதானே நிக்கிறாய் எண்டார்.

சரி, பிழைச்சுப் போச்சு எண்டு அடுத்த கடையளில திருத்திச் சொன்னன். ஐ வில் கோ அண்ட் கம். அது இன்னும் மோசம் பிள்ளை! நான் கையில எடுத்துப் பாத்த சாமானை எல்லாம் கடைக்காரர் எனக்கெண்டு எடுத்து வைச்சிட்டினம். தொப்பிக்காரருக்கும் பேந்து ஒருக்கா அப்பிடித்தான் சொல்லிப்போட்டு வந்தனான். அடுத்த முறை அந்தப் பக்கத்தால போக, மனுசன் வாசலுக்கு ஓடி வந்து, எங்கை போனனீ, உனக்கு வைச்சிருக்கிறன் எண்டு ஒரு மண்ணிறத் தொப்பியைக் காட்டுது. அதில ஒரு துண்டு ஒட்டி என்ர பேரும் எழுதிக் கிடக்கு. குணா எண்டு. குணவதி எண்டது அவற்ர வாய்க்கு அடங்கேல்லை. சீஸ் கடையில ஒரு துண்டு. கோப்பிக்கொட்டை வறுக்கிற இடத்தில ஒரு பை. ஒரு பழைய கோப்பைச் செற்று. எல்லாரும் நான் வருவன் எண்டு பாத்துக்கொண்டு நிக்கினம்.

இதை இவருக்குப் போய்ச் சொன்னன். மனுசன் சிரிச்ச சிரிப்பு! நெஞ்சு வெட்டின ஆள், சிரிக்கக் கூடாது. ஒரு கையால நெஞ்சை அமத்திப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறார். மெசின் கத்துது. ஜோசப்பின் எண்டு பிலிப்பீன்ஸ் நேர்ஸ் ஒருத்தி, நல்ல பிள்ளை, அவள் என்னவோ ஏதோ எண்டு ஓடி வந்திட்டாள். சிரிச்சு முடிச்சுப்போட்டு இவர் சொல்லுறார், உதை அவைக்கு விளங்கப்படுத்தாதையும், வைச்சிருக்கட்டும், நான் எழும்பினாப் பிறகு ரெண்டு பேருமாப் போய் எடுப்பம், முன் கதவால போவம் எண்டு.

அதுக்குப் பிறகு நான் வேணுமெண்டே சொல்லத் தொடங்கினன். ஒவ்வொரு கடையிலையும் ஒண்டை எடுத்துப் பாக்கிறது, போட்டு வாறன் எண்டுறது. அவர் எழும்பி வந்து எடுக்க நிறையக் கிடக்கட்டும் எண்டு நினைச்சனான். பேந்து அவருக்குத் தொண்டைக்குள்ள குழாய் போட்டிட்டினம், கதைக்கேலாமல் போச்சு. நான் மட்டும் சொல்லுறது. இண்டைக்கு ஒரு மணிக்கூட்டுக் கடைக்குப் போனன், இண்டைக்கு ஒரு வெள்ளைக்காரக் கிழவி எனக்குப் பின்னல் காட்டினவ எண்டு. கேக்குதெண்டா விரலை அசையுங்கோ எண்டா அசைப்பார். பிறகு பிறகு அதுவும் எப்பவாவது ஒருக்காத்தான்.

உது என்ர போன்தான். அடிக்கட்டும், விடும். மகள். சாம்பவி எண்டு, கல்கரியில இருக்கிறா. பிளேன் ஏற நிக்கிறா போல. எடுத்து நான் என்னத்தைச் சொல்ல? இல்லை, கோவம் ஒண்டும் இல்லைப் பிள்ளை. எனக்கு இண்டைக்குக் காலமை தொடக்கம் ஒரு மாதிரி. பல்லுப் புடுங்க ஊசி போட்டா சொண்டு மொத்தமாக் கிடக்குமெல்லே, கிள்ளினாலும் தெரியாது, அப்பிடி உடம்பு முழுக்க. காலமை தேத்தண்ணி ஊத்தினன், குடிச்சனானோ தெரியாது. ஆனா சப்வே எடுத்து, ஸ்ரீட் கார் மாறி, சரியா வந்து இறங்கியிட்டன். கால் தன்ர பாட்டில கொண்டு வந்து விட்டிட்டுது.

ஓம், இண்டைக்கு எல்லாத்தையும் நானே எடுத்திடுவம் எண்டுதான் வந்தனான். சும்மா சனத்தைக் காக்க வைக்கக் கூடாதுதானே. உது கோப்பி. உது தொப்பி, போட்டுப் பாரும், பரவாயில்லை. உமக்கு வடிவாத்தான் கிடக்கு. உந்தப் பைக்குள்ள எம்பனாடா, சூடு ஆறிப் போச்சு. ஒண்டு எடுத்துச் சாப்பிடும். எனக்கு இறங்காது. அந்தச் சிலி மனுசி என்ர முகத்தைப் பாத்திட்டு ரெண்டு கூடப் போட்டு விட்டவ.

கடைசி, இந்தச் சப்பாத்துக் கடைதான். ஆசுப்பத்திரிக்கு வரேக்குள்ள இவர் போட்டுக்கொண்டு வந்த சப்பாத்து, அடி வாயைப் பிளந்து கொண்டு நிண்டுது. பாண் வான் ஓடின காலத்துச் சப்பாத்து, எறிய விடமாட்டார். கடையளுக்கு முன் கதவால போறதெண்டா உதோடையோ போறது எண்டு இஞ்சை கொண்டந்து குடுத்தனான். இந்தாளுக்கும் போட்டு வாறன் எண்டுதான் சொன்னனான். அது ஒண்டுதான் சரியாச் சொன்ன இடம்.

அந்தா வாறார், பாத்தீரே. கையில கோப்பிக் கோப்பையோட ஆடி ஆடி வாறார். எழும்பும். இல்லை, உம்மடதை முதல் குடும். எனக்கு ஒரு அவசரமும் இல்லை. நான் இருக்கிறன்.

தைச்சிட்டாரே? காட்டும். இழுத்துப் பாரும், இனி அறாது. பாத்தீரே, நான் சொன்னனானெல்லே. என்ரயும் தந்திட்டார். எப்பிடி மினுக்கி வைச்சிருக்கிறார் பாரும், புதுசு மாதிரி. ஓம், அவருக்கு நல்ல சந்தோசமாத்தான் இருந்திருக்கும்.

என்ன, வெளிக்கிடப் போறீரோ? நில்லும், நில்லும். சொல்லாதையும் பிள்ளை. போயிட்டு வரேன் எண்டு எனக்கு இண்டைக்குச் சொல்லாதையும். சும்மா எழும்பிப் போம், நான் குறை நினைக்கமாட்டன். செத்த வீட்டில சொல்லிப்போட்டுப் போறேல்லைத்தானே. உங்கட பக்கமும் அப்பிடித்தானே?

காலமைதான். விடியிற நேரம் ஜோசப்பின் போன் எடுத்தவள். நேற்றுப் பின்னேரம் வழக்கம் போல அவற்ர காதுக்குள்ள, அப்ப வரட்டே எண்டுபோட்டு வந்தனான். இல்லைப் பிள்ளை, நீர் ஏன் அழுறீர், நானே அழேல்லை. கண்ணைத் துடையும். வாறன், இப்பவே வாறன் எண்டு அவளுக்குச் சொன்னன். அவள் சொல்லுறாள், ஓடி விழுந்து வராதையுங்கோ அம்மா, ஆறுதலா வாங்கோ, நீங்கள் வரும் மட்டும் வைச்சிருக்கிறம் எண்டு. அந்தத் தொப்பிக்காரர் சொன்ன அதே கதை. பேந்து அவரைக் கொண்டு போற வான் பின் கதவுக்குத்தான் வருமாம், அதையும் சொன்னவள்.

அதுதான், முதல் இந்தக் கடையளை முடிச்சுக்கொண்டு போவம் எண்டு இஞ்சாலை வந்தனான். அங்கை முன் கதவால போகேக்குள்ள கையில எல்லாம் இருக்கவேணும். நீர் தொப்பியைக் கழட்டாதையும், போட்டுக்கொண்டு போம். இந்தப் பையளை மட்டும் என்ர தோளில ஒருக்காக் கொழுவி விடும். சப்பாத்தை நான் கையில கொண்டு போறன். எல்லா இடத்திலையும் எடுத்திட்டன். இனி அவர் ஒராள்தான் எடுக்கக் கிடக்கிறார்.